ஜானு பாடிய பாட்டு இதில் இல்லை

போன மாதம் அம்மாவைக் கண் பரிசோதனைக்கு ஜொகூர் பாருவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கூலாயிலிருந்து ஜேபி சும்மா அரை மணி நேரம்தான், ஆனால் காலை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். காரில் ‘96’ ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கூடாய் தாண்டும்வரை அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “இது என்னா படம்?” என்றார். சொன்னேன்.

“நம்ம டிவில பாத்த படமா? கரண்டு போனப்ப அந்தப் பொண்ணு பாடுமே, அந்தப் பாட்ட போடு.”

“அது இதுல இல்லம்மா.”

“அது இல்லாம வேற என்னா பாட்டு இருக்கு இதுல?”

இந்த ஆல்பத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். ‘படமே பார்க்காதவனுக்கும் இது போதும்’ என்பதுதான் நான் எழுத நினைத்த கட்டுரையின் முதல் வரி. அம்மாவின் கேள்விக்குப் பிறகு அந்த வரியை அப்படியே எழுத முடியவில்லை.

சி. பிரேம்குமார் இயக்கி 2018 அக்டோபரில் வந்த ‘96’ படத்தின் கதை எல்லாருக்கும் தெரியும். தஞ்சாவூர் பள்ளியில் ஒன்றாகப் படித்த ராமும் ஜானுவும் 22 வருடங்கள் கழித்துப் பழைய மாணவர்கள் கூடும் ஒரு மாலையில் சந்திக்கிறார்கள். அந்த ஓர் இரவு முழுக்கப் பேசுகிறார்கள், விடிந்ததும் ஜானு சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறாள். (எங்கள் ஊர்க்காரர்களுக்கு சிங்கப்பூர் அவ்வளவு சோகமான இடம் கிடையாது. பாதிப் பேர் காலையில் மோட்டாரில் போய் இரவு திரும்பிவிடுகிறார்கள். ராம் இங்கே பிறந்திருந்தால் கதையே நடந்திருக்காது.)

ஜானு என்பது ஜானகி தேவியின் சுருக்கம், எஸ். ஜானகியின் நினைவாக வைத்த பேர். பள்ளியில் அவள்தான் பாடகி, அவள் பாடுவதெல்லாம் இளையராஜா பாட்டு. ராம் திரும்பத் திரும்ப ஒரே பாட்டைக் கேட்கிறான். 1991இல் வந்த ‘தளபதி’யின் ‘யமுனை ஆற்றிலே’. அதை மட்டும் அவள் பாடுவதே இல்லை. கடைசியில், ராமின் வீட்டில் கரண்டு போய், அவன் விளக்கு எடுக்கப்போகும் நேரத்தில் இருட்டிலிருந்து அந்தப் பாட்டு வருகிறது. வாத்தியம் ஒன்றும் இல்லாமல், குரல் மட்டும். ராம் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வருகிறான். படத்தின் உச்சம் அதுதான். ஜானகியின் பேரை வைத்துக்கொண்ட பெண் கடைசியில் பாடுவது ஜானகி பாடாத பாட்டு என்பது எனக்குப் பிடித்த ஒரு சின்னக் கோணல். ‘தளபதி’யில் அதைப் பாடியவர் மிதாலி பானர்ஜி.

ஆக, ஜானு தன் வாயால் பாடும் பாட்டு எதுவும் ‘96’ ஆல்பத்தில் இல்லை. அதில் இருப்பது கோவிந்த் வசந்தா இசையமைத்த பாடல்கள் மட்டும். 2019இல் ஒரு பேட்டியில் இளையராஜா, தன் பழைய பாடல்களை இப்படிப் படங்களில் எடுத்துப் பயன்படுத்துவதைக் கடுமையாகக் கண்டித்தார். அந்தக் காலத்தைக் காட்ட அந்தக் காலத்துப் பாட்டைத்தான் போட வேண்டுமா, புதிதாக ஒன்றை உருவாக்க முடியாதா என்பது அவர் கோபத்தின் சாரம். அவர் பேசிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் அதற்குப் பதில் ஆல்பத்திலேயே இருக்கிறது: கோவிந்த் வசந்தா 1990களைப் போலி செய்ய முயலவே இல்லை. ஒரு பாட்டில்கூட அந்தக் காலத்துத் தபேலா நடையோ புல்லாங்குழல் இடையிசையோ ‘பாருங்க, இது பழசு’ என்று கையைக் காட்டாது. பழையதைப் பழையவரிடமே விட்டுவிட்டு அவர் தன் வயலினோடு வேறு பக்கம் நடந்துவிட்டார்.

அந்த வேறு பக்கம் எது என்று ‘தி லைஃப் ஆஃப் ராம்’ பாட்டிலேயே தெரிந்துவிடும். கார்த்திக் நேத்தா எழுதி பிரதீப் குமார் பாடியது. தமிழ் சினிமாவில் தனியாக இருக்கும் ஆணுக்கு இரண்டு வகைப் பாட்டுதான் உண்டு. ஒன்று பாட்டிலோடு வரும் சோகப் பாட்டு, இன்னொன்று மேட்டில் ஏறி நின்று ஊருக்குச் சொல்லும் தத்துவப் பாட்டு. இந்தப் பாட்டில் இருப்பவன் தனியாக இருக்கிறான், சந்தோஷமாகவும் இருக்கிறான். யாரும் அவனைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ சொல்லத் தேவையில்லை. மெதுவாகத் தொடங்கி, வயலின்கள் கூடிக் கூடி, ஒரு கட்டத்தில் பாட்டு வானம் மாதிரி விரிகிறது. அந்த விரிவில் காதலி இல்லை, ஏக்கம் இல்லை. உலகத்தைப் பார்த்து ஒரு குழந்தைக்கு வரும் வியப்பு மட்டும் இருக்கிறது.

செனாயில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளனாக வேலை செய்கிறேன். இரவு ஷிஃப்ட் முடிந்து விடியற்காலையில் செம்பனைத் தோட்டத்து ஓரமாக வண்டி ஓட்டி வரும்போது இந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கு இல்லை. கூட்டாளிகள் ஒவ்வொருத்தராகக் கல்யாணம் செய்துகொண்டு போக, சொந்தக்காரர்கள் எல்லாம் ‘உனக்கு எப்ப?’ என்று கேட்கிற வயது எனக்கு. தனிமை ஒரு வியாதி இல்லை என்று எனக்குத் தமிழில் சொன்ன முதல் குரல் இது.

நான் பாட்டைப் பல தடவை கேட்ட பிறகுதான் படம் பார்த்தேன். பார்த்தபோது ஏமாந்துபோனேன் என்றே சொல்ல வேண்டும். படத்தில் ராம் தனியாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் ஜானு. அவளுடைய பொருட்களைப் பெட்டியில் பூட்டி வைத்துக் காத்திருப்பவனின் தனிமை அது. பாட்டில் முழு வாழ்க்கையாகத் தெரிந்தது, படத்தில் ஒரு காதல் தோல்வியின் பின்விளைவாகச் சுருங்கிவிட்டது. இந்த ஒரு பாட்டு படத்தைவிடப் பெரியது. 2020இல் தெலுங்கில் ‘ஜானு’ என்று படத்தை மறுபடி எடுத்தபோதும் இந்த மெட்டை மாற்றவில்லை, பிரதீப் குமாரையே பாட வைத்தார்கள்.

‘அந்தாதி’யும் கதையைச் சார்ந்து நிற்காத பாட்டுதான். நாசரின் குரலில் வாசிப்பு, சின்மயி, கோவிந்த் வசந்தா, பத்ரா ரஜின் என்று பல குரல்கள். காதல் என்றால் என்ன என்று அடுக்கிக்கொண்டே போகிறது. நல்ல பாட்டு, ஆனால் எனக்குக் கொஞ்சம் கவியரங்க வாடை அடிக்கும். ‘காதலே காதலே’ அதற்கு நேர் எதிர்: சின்னது, சொல் குறைவு, வயலினே பாதி பேசிவிடுகிறது. அதில் கல்யாணி மேனனின் குரலும் உண்டு. ‘அலைபாயுதே’ (2000), ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ (2010), ‘96’ என்று மூன்று தலைமுறைக் காதல் ஆல்பங்களில் இருந்தவர் அவர். 2021இல் காலமானார்.

உமாதேவி எழுதிய பாடல்களில் ‘வசந்த காலங்கள்’ எனக்கு நெருக்கமானது. ‘தாபங்களே’, ‘இரவிங்கு தீவாய்’, ‘ஏன்’ மூன்றையும் குருட்டாம்போக்கில் போட்டால் எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்கியது என்று சொல்ல மாட்டேன். சொற்கள் மேல் குறை இல்லை. ஒரே வேகம், ஒரே தணிந்த குரல், ஒரே இருட்டு. திரையில் இரண்டு முகங்கள் அந்த இருட்டுக்கு வெளிச்சம் கொடுக்கின்றன. காரில் அது கிடைப்பதில்லை.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ‘தி லைஃப் ஆஃப் ராம்’ தவிர மற்ற எல்லாப் பாட்டிலும் அநேகமாகச் சின்மயி இருக்கிறார். படத்தில் த்ரிஷாவுக்குப் பின்னணிப் பேசியவரும் அவரே. (அந்த நவம்பரிலேயே டப்பிங் சங்கத்திலிருந்து அவரை நீக்கினார்கள், அதன் பிறகு பல வருடங்கள் தமிழில் அந்தக் குரல் அரிதாகிவிட்டது.) அப்படியென்றால் ஆல்பம் முழுக்க ஜானு இருக்க வேண்டும், இல்லையா? இல்லை. படத்தில் ஜானு பாடுவது அவளே எடுக்கும் முடிவு. யார் கேட்டாலும் பாட மாட்டேன் என்பதும் அவள் முடிவு, இப்போது பாடுகிறேன் என்பதும் அவள் முடிவு. ராமுக்கு 22 வருடமாகக் கிடைக்காததை அவள் ஒரு நிமிடத்தில் கொடுக்கிறாள். ஆல்பத்தில் இருக்கும் சின்மயி அப்படி எதையும் முடிவு செய்யவில்லை. காட்சிக்குப் பின்னால் மிதக்கும் ஓர் அழகான ஏக்கமாக மட்டும் இருக்கிறார். இளையராஜா பாடல்களை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ராமின் ஆல்பம். தனியாக நிற்கிறது, உறுதியாகவே நிற்கிறது. நிற்பது ஒருத்தன் மட்டும்தான்.

அது எனக்கு ஏன் ஏழு வருடமாகத் தெரியவில்லை? நானும் ஒருத்தனாகக் கேட்டதால் இருக்கலாம். படத்தின் பேரில் இருக்கும் ஆண்டுக்கு அடுத்த ஆண்டு பிறந்தவன் நான். அந்த இளையராஜா பாட்டுகள் எனக்குச் சொந்த நினைவு இல்லை. மின்னல் எஃப்எம் ஓட அம்மா சட்டைக்கு இஸ்திரி போட்ட ஞாயிற்றுக்கிழமைகள்தான் அவை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நாங்கள் கலைந்துவிட்டோம், பத்தாம் வகுப்புக் காதலெல்லாம் எங்களுக்கு வேறு பள்ளியில், பாதி மலாயில் நடந்தது. படத்தில் எல்லாரும் அழும் இடத்தில் நான் கடன் வாங்கித்தான் அழுதேன். ஆல்பத்தில் கடன் வாங்க வேண்டியதில்லை. அதனால்தான் அதுவே முழுசு என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது அம்மாவுக்காக ‘தளபதி’ பாட்டைத் தேடிப் போட்டேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் கறுப்புக் கண்ணாடியோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கேட்டார்.

“இது இல்ல. அந்தப் பொண்ணு பாடறப்ப வாத்தியமே இல்லல்ல.”

நிறுத்தினேன். செனாய் தாண்டி, கூலாய் வரும் முன்னால், அவரே மெதுவாக முனக ஆரம்பித்தார். அம்மா பாடி நான் கேட்டதில்லை. நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு, முன்னால் போன லோரியை முந்தாமல் அதன் பின்னாலேயே ஓட்டினேன்.