அப்பாவையும் விடாத பேனா

வரலாற்றாசிரியர் சர்வபள்ளி கோபால் முதலில் ரிப்பன், இர்வின் போன்ற வைஸ்ராய்களைப் பற்றி எழுதினார். இரண்டும் இறுகிய, ஆவண வாசனை அடிக்கும் புத்தகங்கள். கோபாலின் ருசி பிறகுதான் கூடுகிறது.

வெளியுறவு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுக்கு அவர் தலைமை வகித்த காலம். 1959இல் சீன எல்லைத் தகராறு முற்றியபோது லண்டனுக்குப் போய், இந்தியா ஆபீஸின் பழைய கடிதங்களையும் வரைபடங்களையும் துருவினார். அக்சாய் சின் விஷயத்தில் நம் பக்கமே வலுவானது என்று நேருவிடம் சொன்னவர் அவர். அதே மனிதர்தான் பின்னாளில் நேருவின் வாழ்க்கையை மூன்று தொகுதிகளாக (1975, 1979, 1984) எழுதினார். மூன்றாவதில் 1962 போரும் வருகிறது. சாட்சிக் கூண்டில் நின்றவரே தீர்ப்பும் எழுதினால் எப்படி? நேரு மீதான பிரியம் பல இடங்களில் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கோப்புகளை அவரளவு அருகிலிருந்து பார்த்தவர்கள் குறைவு.

எனக்குப் பிடித்தது 1989இல் வந்த ராதாகிருஷ்ணன் வரலாறு. குடியரசுத் தலைவராக இருந்த சொந்த அப்பா! அவருடைய தத்துவம், மாஸ்கோ தூதர் பணி எல்லாம் அதில் உண்டு. மணவாழ்க்கைக்கு வெளியே அவருக்கு இருந்த உறவுகளும் உண்டு. மகன் எதையும் பூசி மெழுகவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. வைஸ்ராயை எழுதிய அதே நிதானம்தான்.