தேடலும் கிடைத்தலும்

எழுபதுகளில் சிறுபத்திரிகைக்காரர்கள் தேய்த்துத் தேய்த்துப் பழசாக்கிய சொல் 'தேடல்'. கவிஞனுக்குத் தேடல், கதாசிரியனுக்குத் தேடல், ஒன்றுமே எழுதாதவனுக்கு இன்னும் ஆழமான தேடல். இன்று அதே சொல் கைபேசித் திரையில் ஒரு சிறு கட்டத்துக்குள் அடங்கிவிட்டது. கல்வியில் நேர்ந்திருக்கும் மாற்றத்தை இந்தச் சொல்லின் சரிவிலிருந்தே பார்க்கத் தொடங்கலாம் என்று எனக்குப் படுகிறது.

முதலில் கடனை ஒப்புக்கொண்டுவிடுகிறேன் (வங்கிக்காரன் என்பதால் அல்ல). அனந்தபுரத்தில் இருப்பவன் ஒரு பழைய பதிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் விழுப்புரம் போய், ரயிலேறிச் சென்னை சேர்ந்து, ஒருநாள் விடுப்பைத் தொலைக்க வேண்டியிருந்தது. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், 2005 முதல் ஈழத்து எழுத்துக்களைச் சேர்த்துவரும் 'நூலகம்' தளமும் அந்த விடுப்பை மிச்சப்படுத்திவிட்டன. மதுரைத் திட்டம் சம்பளமில்லாதவர்களின் உழைப்பு. தமிழ்த்துறைகள் செய்திருக்க வேண்டிய காரியம்.

சிக்கல் கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது. முனைவர் பட்டத்துக்கு முயலும் ஓர் இளைஞர் மௌனி பற்றிய தன் இயலைக் காட்டினார். இணையத்தில் கிடைத்த கதைகளில் 'இருள்' எத்தனை முறை வருகிறது என்று கணக்கெடுத்து, கதைவாரியாகப் பட்டியலிட்டிருந்தார். மௌனி எழுதியது மொத்தமே முப்பது கதைகளுக்கும் குறைவு. இரண்டு ராத்திரியில் படித்துவிடலாம். அவர் ஒன்றையாவது முழுதாகப் படித்ததற்கான தடயம் அந்த இயலில் இல்லை. மௌனியின் இருள் பெரும்பாலும் அந்தச் சொல்லே இல்லாத வாக்கியங்களில் இருக்கிறது. வாக்கியம் முடியத் தயங்குகிற விதத்தில் இருக்கிறது. அதை எந்தக் கட்டத்துக்குள் தட்டுவது?

குறுந்தொகைக்கு 1915-ல் சௌரிப்பெருமாள் அரங்கனாரின் பதிப்பு வந்தது, 1937-ல் உ.வே.சா.வின் பதிப்பு. பின்னதில் அடிக்குறிப்பாக நிற்கும் பாடபேதங்கள் வாசகனைச் சங்கடப்படுத்துபவை. இந்தச் சொல்லா, அந்தச் சொல்லா என்று அவனையும் தீர்ப்புக்கு இழுப்பவை. மூலம் மட்டும் திரையில் ஓடும்போது இந்தச் சங்கடம் கழிந்துவிடுகிறது. நிச்சயமான ஒரே பாடம் போலத் தோன்றுகிறது. ஆராய்ச்சி என்பது அந்தச் சங்கடம்தானே!

இன்னொன்று: 1978-க்கு முந்திய அச்சில் துதிக்கை வைத்த 'லை', 'னை'களைக் கணினி எழுத்தாக மாற்றுகையில் அது திணறுகிறது. பல பழைய இதழ்கள் பக்கப் படங்களாகவே கிடக்கின்றன. தேடினால் அகப்படாது. அகப்படாதது எழுதப்படவே இல்லை என்று ஒரு தலைமுறை நம்பத் தொடங்கியிருக்கிறது. 'எழுத்து'க்கு நேரக்கூடிய இரண்டாவது மரணம் இப்படித்தான் இருக்கும்.

பள்ளிக்கூடத்துச் சங்கதி வேறு. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. 2019-லேயே தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. வசதி உள்ள வீடுகளில் கைபேசி நடத்தியது. ஒன்று முதல் எட்டு வகுப்புகள் திறக்க 2021 நவம்பர் 1 ஆயிற்று. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27-ல், நம் மாவட்டத்து மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' ஆரம்பமாயிற்று: சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், ஒரு தன்னார்வலர், எதிரே பத்திருபது பிள்ளைகள். அலைவரிசை எட்டிய இடத்துக்கும் ஒரு மனுஷியை அனுப்பவேண்டி வந்தது. புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பிள்ளையின் முகத்தை யாராவது பார்த்தாக வேண்டுமே. திட்டத்துக்குப் பெயர் வைத்தவர் நினைத்தாரோ இல்லையோ, 'தேடி' என்ற சொல்லுக்கு அதன் கால்கள் திரும்பக் கிடைத்தன.

இளைஞரிடம் ஒரே ஒரு கதையை உரக்கப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். நாலு நாள் கழித்து வங்கிக் கவுன்ட்டருக்கே வந்துவிட்டார். படித்தாராம். பட்டியலில் ஓர் 'இருள்' விட்டுப்போயிருந்தது தெரிந்ததாம், சேர்த்துவிட்டார்.