வந்து சேராத கடிதம்: ‘ரோமியோ ஜூலியட்’ மறுபடைப்புகளில் தற்செயலும் பொறுப்பும்

பழைய துன்பியல் காதற்கதையை மறுபடைப்புச் செய்வோர் களத்தையும் காலத்தையும் மாற்றுவது இயல்பு. அம்மாற்றங்களைப் பட்டியலிடுவதோடு பல ஒப்பாய்வுகள் நின்றுவிடுகின்றன. காதலரின் சாவு எதனால் நேர்கிறது என்பதில் ஒரு படைப்பு செய்யும் மாற்றமே மூலத்தின் மீது அது வைக்கும் திறனாய்வாகும். ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தில் வரும் கடிதம் இதனை ஆராய ஏற்ற சான்று.

ஜூலியட் அடைந்திருப்பது பொய்ச்சாவு என்று தெரிவிக்கும் கடிதத்துடன் புறப்படும் துறவி ஜான், கொள்ளைநோய் ஐயத்தால் ஒரு வீட்டினுள் அடைக்கப்படுகிறார். கடிதம் ரோமியோவை எட்டவில்லை. இத்தடை ஷேக்ஸ்பியரின் புனைவன்று. அவருக்கு மூலமான ஆர்தர் புரூக்கின் கதைப்பாடலிலேயே (1562) அது உள்ளது. காதலரை மறைந்து வாழச் செய்வது குடும்பப் பகை; ஆயினும் அவர்களைக் காக்கவிருந்த செய்தியைத் தடுப்பது நோய். ஊழும் உடனிருந்ததால் பெற்றோரின் குற்றம் சற்றே தணிகிறது. இரு தந்தையரும் கைகோத்துப் பொற்சிலை நிறுவ உறுதி கூறும் இறுதிச் சமரசம் நம்பத்தக்கதாக அமைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1957இல் பிராட்வேயில் அரங்கேறிய ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ இந்த இணைப்பையே மாற்றியது. நியூயார்க்கில் மோதும் இரு இளைஞர் குழுக்களைப் பற்றிய இவ்விசை நாடகத்தில், கடிதத்தின் இடத்தில் அனிதா என்ற பெண் வருகிறாள். டோனிக்குச் செய்தி சொல்ல வந்தவளை, போர்ட்டோ ரிக்கோ இனத்தவள் என்பதால் எதிர்க்குழு இளைஞர்கள் இழிவுபடுத்தித் தாக்குகின்றனர். சினமுற்ற அவள் மரியா கொல்லப்பட்டாள் என்று பொய் கூறிச் செல்கிறாள். மூலத்தில் நோய் செய்ததை இங்கே இனவெறுப்பு செய்கிறது. இறுதியில் மரியா இறப்பதில்லை. துப்பாக்கியை ஏந்தி இரு குழுவினரையும் குற்றம் சாட்டுகிறாள். பொற்சிலைக்கு இங்கு இடமில்லை.

பாஸ் லூர்மனின் திரைப்படம் (1996) இதற்கு நேர்மாறானது. ஷேக்ஸ்பியரின் உரையாடலையும் கடிதத்தையும் அது தக்கவைத்துக்கொள்கிறது. கடிதம் விரைவு அஞ்சலில் வருகிறது. ஆனால் அஞ்சல்காரர் வரும்போது ரோமியோ அதைப் பெறவில்லை. கொள்ளைநோய்க்கு இருந்த அச்சுறுத்தல் இத்தவறுக்கு இல்லை. எனவே களம் இக்காலத்ததாயினும் சாவின் காரணம் குறித்துப் படம் புதிதாக எதையும் சொல்லவில்லை.

மன்சூர் கானின் இந்தித் திரைப்படமான ‘கயாமத் சே கயாமத் தக்’ (1988) கடிதத்தை முற்றிலும் நீக்குகிறது. ராஜைக் கொல்ல ரஷ்மியின் தந்தை அமர்த்திய கூலியாட்களின் குண்டுக்கு ரஷ்மியே இரையாகிறாள். ராஜ் தன்னைக் குத்திக்கொண்டு மடிகிறான். குண்டு யார்மீது பாய்ந்தது என்பதில் தற்செயல் உண்டு. கொலைக்கு ஆள் அமர்த்தியதில் இல்லை. குலப்பெருமையின் பெயரால் பெற்றோரே பிள்ளைகளைக் கொல்லும் நிகழ்வுகள் நடைபெறும் சமூகத்தில், காதலரின் சாவை ஊழின்மேல் ஏற்றுவது கொன்றவரை விடுவிப்பதாகும். அந்த விடுதலையை இப்படம் வழங்கவில்லை. சமரசக் காட்சியும் இதில் இல்லை.

இம்மாற்றத்தால் இழப்பும் உண்டு. மூலத்தில் ரோமியோவின் அவசரமும் துறவி லாரன்ஸின் மிகை நம்பிக்கையும் அழிவில் பங்குபெறுகின்றன. ஆகவே அங்கு முற்றிலும் குற்றமற்றவர் எவருமில்லை. பழி ஒரு தரப்பின்மேல் குவியும்போது காதலர் வெறும் பலியாட்களாகச் சுருங்கும் வாய்ப்பு உள்ளது. அனிதாவை ஒரே வேளையில் பாதிக்கப்பட்டவளாகவும் அழிவுக்குக் காரணமானவளாகவும் படைத்ததால் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ இக்குறையிலிருந்து பெரிதும் தப்புகிறது. மறுபடைப்பை மதிப்பிடுகையில் மூலத்தோடு அது எவ்வளவு ஒத்துள்ளது என்பதைவிட, மூலம் ஊழிடம் விட்ட பொறுப்பை அது யாரிடம் ஒப்படைக்கிறது என்பதே முதன்மையான வினாவாகும்.