கர்சர் யார் பேச்சைக் கேட்கவேண்டும்?

இலங்கையின் ஹட்டன் கொமினிகேஷன் கடைகளில் விண்ணப்பம் நிரப்பும் பிள்ளைகள் மவுஸை அதிகம் தேடுவதில்லை. தோட்டத்திலிருந்து வந்த அம்மா அடையாள அட்டையை நீட்டுகிறார். கண் அட்டையில், விரல் டெப் கீயில். அடிக்கும் எழுத்து எந்தப் பெட்டியில் விழும் என்பதை முடிவு செய்வது ஃபோகஸ். அதை நிரலாளர் தம் கையில் எடுத்துக்கொள்வது சரியா?

சில இடங்களில் எடுத்தே ஆகவேண்டும். ‘அழிக்கவா?’ என்று சிறு சாளரம் திறந்தால் ஃபோகஸ் அதற்குள் போகவேண்டும், மூடியதும் அதைத் திறந்த பொத்தானுக்கே திரும்பவேண்டும். இல்லையென்றால் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானை நம்பியிருக்கும் பார்வையற்றவர், பின்னாலுள்ள பக்கத்தில் திசை தெரியாமல் நிற்பார். ஃபோகஸ் நிற்கும் பெட்டியைச் சுற்றி வரும் கோட்டை, அழகு கெடுகிறதென்று நீக்கிவிடும் வடிவமைப்பாளரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது வெறும் அசட்டை.

அக்கறையோடு செய்யும் தவறுகள்தான் சுவாரஸ்யமானவை. எண் நிறைந்ததும் தானாக அடுத்த பெட்டிக்குத் தாவும் வசதியைப் பாருங்கள். பழைய அடையாள அட்டையில் 9 இலக்கமும் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ எழுத்தும். 2016 முதல் வரும் புதியதில் 12 இலக்கம். பத்தில் தாவினால் புதிய எண்ணின் வால் அடுத்த பெட்டியில் விழும். பன்னிரண்டுக்குக் காத்திருந்தால் பழைய அட்டைக்குத் தாவவே தாவாது. பெயரின் முதலெழுத்துக்கு ஒற்றைப் பெட்டி வைத்தால் இன்னும் வேடிக்கை. நமக்கு ‘மு’ ஓரெழுத்து, யூனிகோடுக்கு இரண்டு குறியீடு. மெய்யும் குறியும் தனித்தனியே அடிக்கும் விசைப்பலகையில் ‘ம’ இங்கே தங்கிவிட, உகரக்குறி அடுத்த பெட்டியில் அநாதையாக நிற்கும். (ஓடிபிக்குக்கூட ஆறு பெட்டி எதற்கு, ஒன்று போதாதா என்பது என் கட்சி.)

முகவரிக்கு வரும்போது சிக்கல் முற்றுகிறது. பிழையுள்ள முதல் பெட்டிக்கு ஃபோகஸைக் கொண்டுபோவது நல்ல நடைமுறை, நானும் பரிந்துரைப்பேன். ஆனால் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் எத்தனையோவுக்கு வீதிப் பெயர் கிடையாது, அவற்றிலுள்ள காம்பராவுக்குக் கதவிலக்கமும் கிடையாது. ‘வீதி’ கட்டாயம் என்ற படிவத்தில் என்டர் அடித்தால் கர்சர் அங்கேயே போய் நிற்கும். மறுபடி அடித்தாலும் அங்கேதான். வெறுமையாக விட்டு நகரவே விடாத படிவங்களும் உண்டு. கீபோர்டால் நுழைந்த இடத்திலிருந்து கீபோர்டாலேயே வெளியேற முடியவேண்டும் என்று, 2008இல் வந்த இணைய அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.0 தன் அடிப்படையான ‘ஏ’ மட்டத்திலேயே விதித்திருக்கிறது.

கடைப் பிள்ளைகள் ஒரு புள்ளியை வைத்துவிட்டுத் தப்பிக்கிறார்கள், தரவுத்தளத்தில் அந்தப் புள்ளியே வீதியின் பெயராகிவிடுகிறது. ஆள் ஒரு பொத்தானை அழுத்திய பிறகு ஃபோகஸை நகர்த்துவதில் எனக்கு ஆட்சேபமில்லை. அடித்துக்கொண்டிருக்கும்போது கர்சர் அவருடையது. ‘வீதி’யைக் கட்டாயமாக்கியவர்கள், அதற்குப் பதில் ‘தோட்டம்’, ‘டிவிசன்’ என்று இரண்டு பெட்டி வைத்திருந்தால் கர்சரைத் திருப்பி அனுப்பும் வேலையே வந்திருக்காது.