மயிற்பொறி முதல் ஜீனோ வரை

வலியசாலையில் குடியிருந்து மளிகை வியாபாரம் செய்கிறவனுக்கு அறிவியல் கதையில் என்ன வேலை என்று சங்கத்து நண்பர்கள் கேட்கலாம். பொட்டலம் கட்ட எடை போட்டு வாங்கின பழைய பத்திரிகைக் கட்டுதான் என் முதல் நூலகம். அதில் அம்புலிமாமா கிடைக்கும். வேதாளம் பேசும், பறக்கும். எப்படி என்று கேட்கக் கூடாது.

1972இல் முத்து காமிக்ஸ் வந்தது. இரும்புக்கை மாயாவி மின்சாரம் பாய்ந்தால்தான் மறைவான். மறைந்தாலும் அந்தக் கை மட்டும் வெளியே தெரியும். சரக்கு இங்கிலாந்துடையது, போகட்டும். பையன்களைப் பிடித்து இழுத்தது அந்தக் கைதான். சக்தி உண்டு, அதற்கு ஒரு எல்லையும் உண்டு. வரவுக்கு எதிரே செலவு எழுதாத கணக்கை எந்த வியாபாரி நம்புவான்? அறிவியல் கதையை மாயக்கதையிலிருந்து நான் பிரித்துப் பார்ப்பது இந்த இடத்தில்தான்.

சிந்தாமணியைப் படித்தபோது இதே அளவுகோல் உதவியது. திருத்தக்கதேவர் எங்கள் சமணர் என்பதால் சொல்லவில்லை. சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியை விசயை முன்கூட்டியே ஓட்டப் பழகுகிறாள். பொறியை ஒரு பக்கம் திருகினால் ஏறும், மறுபக்கம் திருகினால் இறங்கும். கட்டியங்காரன் சூழ்ந்தபோது ஏறிப் போகிறாள்; வழியில் மயக்கம் வர, மயில் சுடுகாட்டில் இறங்குகிறது. சீவகன் பிறப்பது அங்கேதான். ஓட்டுகிறவள் நிலை தவறினால் இயந்திரம் என்ன ஆகும் என்று யோசித்த கவியைப் பாருங்கள்! இதை வைத்து 'அன்றே நம்மிடம் விமானம் இருந்தது' என்று மேடையில் முழங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் காவியத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, கவியின் கற்பனைக்குரிய பெருமையைப் பறித்துவிடுகிறார்கள். 1887இல் உ.வே.சா. அதைப் பதிப்பித்தது விமானத்தைத் தேடி அல்ல.

பிறகு சுஜாதா. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். 1980களில் விகடனில் 'என் இனிய இயந்திரா' தொடராக வந்தபோது எல்லாரும் ஜீனோ என்ற இயந்திர நாயைக் கொண்டாடினோம். புத்தகம் படித்துப் படித்தே அது யோசிக்கக் கற்றுக்கொள்கிறது. இன்று திரும்பப் படித்தால் ஜீனோவைவிட ஜீவாதான் உறைக்கிறார். நாடே வணங்கும் தலைவர், கடைசியில் பார்த்தால் வெறும் ஒளிப்பிம்பம்! கைப்பேசியில் இல்லாத ஆள் பேசுகிற இந்தக் காலத்தில், பேரப்பிள்ளைகளுக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது இந்தப் பகுதியைத்தான். குறையும் உண்டு. மனிதர்கள் எல்லாரும் சுஜாதா மாதிரியே பேசுகிறார்கள், ஜீனோகூட அப்படித்தான்.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். 1963 நவம்பர் 21இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் போனது, இங்கிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். நகுலனும் நீல. பத்மநாபனும் ஆ. மாதவனும் அந்த வானத்தைப் பார்க்கவில்லை. மனத்தையும் வீட்டையும் கடைத்தெருவையும் பார்த்தார்கள், நன்றாகவே பார்த்தார்கள். பக்கத்துக் குமரி மாவட்டத்து ஜெயமோகன்தான் 'விசும்பு' கதைகளில் வேறு வழி போனார். சித்த மருத்துவம், ரசவாதம் என்று நம் பழைய அறிவுத்துறைகளையே அறிவியலாக வைத்து, அவற்றிடம் கேள்வி கேட்கிறார். பெருமை பேசவில்லை. தமிழைக் காதால் மட்டும் அறிந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு யாராவது உட்கார்ந்து வாசித்துக் காட்டலாம். கதைக்கு ஒரு மாலை போதும்.