‘தண்ணீர் இல்லை’ என்னும் அறிக்கை

1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலா சுரங்கத்தில், மேலே இருந்த பழைய பணியிடங்களில் தேங்கிக் கிடந்த நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்ததில் 370க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டார்கள். 2001 பிப்ரவரியில் அதே ஜாரியா நிலக்கரி வயலில் பாக்டிகி சுரங்கம் மூழ்கி 29 பேரைப் பலிகொண்டது. பக்கத்தில் கைவிடப்பட்டிருந்த ஜெயராம்பூர் சுரங்கத்தின் நீர் அது. அடுத்த ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் குவெக்ரீக் சுரங்கம் பழைய சுரங்கம் ஒன்றை உடைத்துத் திறந்துவிட, 9 பேர் 77 மணி நேரம் உள்ளே சிக்கி, நல்லவேளையாக உயிருடன் மீட்கப்பட்டார்கள். இத்தகைய விபத்துகளில் பெரும்பாலும் பக்கத்தில் நீர் இருப்பது ஏற்கெனவே தெரிந்திருக்கும். எவ்வளவு பக்கத்தில் என்பதுதான் தெரியாது. குவெக்ரீக்கில் கையில் இருந்தது பழைய சுரங்கத்தின் இறுதி வரைபடம் அல்ல. அதற்குப் பிறகுதான் அமெரிக்கச் சுரங்கப் பாதுகாப்பு நிர்வாகம், மண்ணைத் தோண்டாமலே பழைய வெற்றிடங்களைக் கண்டறியும் புவி இயற்பியல் முறைகளைக் களத்தில் சோதிக்க நிதி ஒதுக்கியது. அந்த முறைகள் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவை சொல்லும் ‘இருக்கிறது’ என்ற சொல்லுக்கும் ‘இல்லை’ என்ற சொல்லுக்கும் ஒரே மதிப்பைத் தருவது உயிருக்கு ஆபத்தான பிழை.

முறையின் அடிப்படை நம் ஊர் விவசாயிகளுக்குப் புதிதல்ல. போர்வெல் போடுமுன் நிலத்தில் இரும்புக் கம்பிகளை அடித்து மின்னோட்டம் செலுத்தி நீரோட்டம் பார்க்கிறார்களே, அதே மின்தடை ஆய்வுதான். காய்ந்த நிலக்கரியும் மணற்கல்லும் மின்னோட்டத்தைப் பெரிதும் தடுக்கும். அவற்றின் மின்தடை எண் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ ஓம்-மீட்டர் வரும். பழைய சுரங்கத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, கந்தகக் கனிமங்களைக் கரைத்து அமிலமாகிவிட்ட நீரில் அது சில ஓம்-மீட்டருக்கு இறங்கிவிடும். இந்த வேறுபாடு இருக்கும்வரை, நூறு துளைகள் போட்டுத் தேட வேண்டிய பரப்பைச் சில நாட்களில் அலசி, சந்தேகத்துக்குரிய இடங்கள் இவை என்று குறித்துவிடலாம். உப்புப் பாறைக்குள் ரேடார் கருவி இன்னும் நன்றாக வேலை செய்யும். காய்ந்த உப்பின் வழியே ரேடார் அலைகள் தடையின்றிச் செல்லும். உப்புநீர் தேங்கிய விரிசல் பட்டதும் பளிச்சென்று திரும்பும். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில், உப்புப் பாறையில் அமைந்த எஸ்டர்ஹேசி பொட்டாஷ் சுரங்கத்துக்குள் 1985இல் உப்புநீர் புகத் தொடங்கியது. சிமென்டுக் கூழ் செலுத்தி அடைத்தும், பம்பு வைத்து இறைத்தும், நில அதிர்வு ஆய்வுகளால் பாறையின் பலவீனமான இடங்களைத் தேடியும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதைச் சமாளித்தார்கள். கசிவு கூடியதால் 2021இல் அங்கே இரண்டு பழைய சுரங்க வாய்களை மூட வேண்டியதாயிற்று. கசிவை இந்த முயற்சிகள் நிறுத்தவில்லை என்பது உண்மை. ஆனால் எங்கே அடைப்பது என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யாமல் இருக்க அந்த ஆய்வுகள் உதவின, அது சிறிய காரியமல்ல.

சிக்கல் எங்கே தொடங்குகிறது? மின்தடைக் கருவி அளப்பது நீரை அல்ல, மின்கடத்தும் தன்மையை. களிமண் படுகையும் நன்றாக மின் கடத்தும், ஈரமான ஷேல் களிப்பாறையும் கடத்தும், கந்தகக் கனிமம் நிறைந்த பாறையும் கடத்தும். ஆற்றிலிருந்து கசிந்துவரும் நன்னீரோ அவ்வளவாகக் கடத்தாது. ஆகவே ஆபத்தில்லாத களிமண் ஆபத்தான நீராகவும், ஆபத்தான நன்னீர் சாதாரண ஈரப் பாறையாகவும் தோன்ற முடியும். இதைவிட முக்கியமானது இன்னொன்று. சுரங்கப் பொறியாளருக்கு வேண்டியது நீர் இருக்கும் இடம் மட்டுமல்ல, அது எங்கிருந்து வருகிறது, எந்த வழியே வருகிறது என்பது. தேங்கிய நீரும் ஓடும் நீரும் மின்தடை ஆய்வுக்கு ஒன்றுதான். பாறைத் துளைகளினூடே ஓடும் நீர் தானாகவே உண்டாக்கும் மிகச் சிறிய மின்னழுத்தத்தை அளக்கும் தன்மின்னழுத்த முறை மட்டும் ஓட்டத்தையே நேரடியாகத் தொடுகிறது. ஆனால் அது சில மில்லிவோல்ட் அளவிலான குறிப்பு. தண்டவாளமும் மின்கேபிளும் மோட்டாரும் நிறைந்த சுரங்கத்தில் அந்த மெல்லிய குரல் எளிதில் மறைந்துபோகும். மூலத்தை அறிய நீரின் வேதியியலையும் கரைந்த உப்புகளின் விகிதத்தையும் சேர்த்துப் பார்ப்பதே நம்பத்தக்க வழி. ஆய்வு அறிக்கைகளில் இது எத்தனை முறை விடுபடுகிறது என்பது கவலைக்குரியது.

அடுத்தது அளவும் ஆழமும். மேலிருந்து 100 மீட்டர் ஆழத்தைப் பார்க்க வேண்டுமானால் கம்பிகளை அதைப் போல நாலைந்து மடங்கு நீளத்துக்கு விரிக்க வேண்டும். விரிவு கூடக் கூடக் கருவி பெரிய பரப்பின் சராசரியையே தருகிறது. சுரங்கப் பாதையின் அகலமோ 4 அல்லது 5 மீட்டர். ஆழத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்தத் தனி வெற்றிடம், நீர் நிறைந்திருந்தாலும் பக்கத்துப் பாறையோடு கலந்து மறைந்துவிடலாம். இப்படிக் கிடைக்கும் எண்களைக் கணினி நிலத்தின் குறுக்குவெட்டுப் படமாக மாற்றுகிறது. நீலத்திலிருந்து சிவப்பு வரை வண்ணம் தீட்டி, ஓரங்கள் மெல்ல மங்கிச் செல்லும்படி வரைந்த அழகான படம் அது. ஒரே அளவீட்டுக்குப் பல நிலத்தோற்றங்கள் பொருந்தும் என்பதையோ, கணினி அவற்றில் மிக மென்மையானதைத் தேர்ந்திருக்கிறது என்பதையோ அந்தப் படம் சொல்லாது. சுரங்க மேலாளரின் மேசைக்கு வரும்போது அது ஒரு புகைப்படமாகவே தோன்றுகிறது. நீரைக் குறிக்கும் நீலம் இல்லாத இடத்தைப் பாதுகாப்பான இடம் என்று படிக்கும் பழக்கம் அங்கே பிறக்கிறது.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு: இவ்வளவு குறை இருந்தால் துளையிட்டுப் பார்ப்பதே போதாதா? போதாது. பழைய நிலக்கரிச் சுரங்கங்கள் பெரும்பாலும் தூண் விட்டு வெட்டப்பட்டவை. குறுகிய பாதைகளுக்கு நடுவே அகலமான நிலக்கரித் தூண்கள் நிற்கும். ஒரு துளை தூணுக்குள் இறங்கினால் முழுக்க நிலக்கரியே வரும். இரண்டு மீட்டர் தள்ளி நீர் நிறைந்த பாதை இருப்பது தெரியவே தெரியாது. ஆக, துளையின் ‘இல்லை’யும் பலவீனமானதுதான். ஆனால் இரண்டின் பலவீனமும் ஒரே இடத்தில் இல்லை. ஆய்வு பரந்த பரப்பை மங்கலாகப் பார்க்கிறது, துளை ஒரு புள்ளியைத் தெளிவாகப் பார்க்கிறது. ஆய்வு ‘இருக்கிறது’ என்று சொன்ன இடத்தில் துளையிட்டு உண்மையைச் சோதிக்கலாம். ‘இல்லை’ என்று சொன்ன இடத்தில் யாரும் துளையிடுவதில்லை. அந்தச் சொல்லைச் சோதிக்கும் முதல் கருவி வெட்டும் இயந்திரமாகிவிடுகிறது.

கருவிகள் மேம்பட்டு வருகின்றன, முப்பரிமாணக் கணிப்பு வந்துவிட்டது என்று சொல்வோரும் உண்டு. மேம்பாடு உண்மைதான். எனினும், தூரம் கூடினால் துல்லியம் குறையும் என்பதை மென்பொருள் மாற்றாது. மாற்றக்கூடியது தூரத்தைத்தான். சுரங்கத்துக்குள்ளிருந்தே, துளைகளுக்குள் மின்முனைகளை இறக்கி அளப்பது மேலிருந்து அளப்பதைவிட மிகவும் மேலானது. இதைவிடப் பயன் தருவது ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளப்பது. மழைக்கு முன்னும் பின்னும், பம்பை நிறுத்தியும் ஓட்டியும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டால் மாறாத களிமண் கழிந்துபோகும். மாறுவது பெரும்பாலும் நீர். ஒருமுறை எடுத்த வண்ணப் படத்தைவிட, சுமாரான கருவியால் ஆறு மாதம் தொடர்ந்து எடுத்த அளவுகள் எனக்கு நம்பிக்கை தருகின்றன.

இந்தியச் சட்டம் நீர் தேங்கிய பழைய பணியிடத்துக்கு 60 மீட்டருக்குள் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்கிறது. முன்துளை போட்டபடிதான் முன்னேற வேண்டும் என்கிறது. புவி இயற்பியல் அறிக்கை இந்தத் துளைகளை எங்கே நெருக்கமாகப் போடுவது என்று காட்டவேண்டும், அவற்றைக் குறைக்கும் காரணமாக ஒருபோதும் ஆகக்கூடாது. ஒவ்வோர் அறிக்கையின் முதல் பக்கத்திலும் இந்த ஆழத்தில் இந்த ஆய்வுக்குத் தப்பக்கூடிய வெற்றிடத்தின் அளவு இத்தனை மீட்டர் என்ற ஒரு வரி இருக்க வேண்டும். அந்த எண்ணை ஆய்வு தொடங்குமுன்பே கணக்கிட முடியும். 2018 டிசம்பரில் மேகாலயாவின் க்ஸான் கிராமத்தில், வரைபடமே இல்லாத எலிவளைச் சுரங்கத்தில் 15 பேர் நீரில் சிக்கிய பிறகு ஹைதராபாத்திலிருந்து தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் ரேடார் கருவியுடன் வரவழைக்கப்பட்டார்கள். அந்தக் கருவி அந்த மலைக்கு வந்திருக்க வேண்டியது முதல் குழி தோண்டப்படுமுன்.