கள்ளுக்கொடியும் ஒரு கொடிதான்

பட்டினப்பாலையைப் பற்றி நம் மேடைகளில் பேசும்போது, கடல் வழி வந்த குதிரையையும் கங்கைக் கரைப் பொருள்களையும் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். அதே துறைமுகத்தில் மக்கள் என்ன தின்றார்கள், என்ன குடித்தார்கள் என்பதை மட்டும் மெல்ல விட்டுவிடுகிறோம். மீன் சமைக்காத வீட்டில் வளர்ந்த நானும் அந்த அடிகளைத் தாண்டிப் போனவன்தான்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தாண்டவில்லை. 301 அடிப் பாட்டில் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளை வரிசையாகக் காட்டுகிறார். பலர் தொழும் வாயிலில் ஒரு கொடி, வாதுக்கு அழைக்கும் ஆசிரியர்களின் கொடி, மரக்கலத்தின் கொடி, அப்புறம் கள் விற்கும் மனையின் கொடி. அதன் முற்றத்தில் மணல் பரப்பிப் பூத் தூவியிருக்கிறது. மீனறுத்து இறைச்சி பொரிக்கிற சத்தம் கேட்கிறது.

இதைச் சீரழிவின் சித்திரம் என்று சில உரையாளர்கள் ஒதுக்குவது பொருந்தாது. கண்டிக்க நினைத்தவர் கல்விக்கொடி பறக்கும் வரிசையிலேயே இதையும் வைப்பாரா? பல மொழி பேசும் அயலார் கலந்து வாழ்ந்த ஊர் அது என்றும் அவரே சொல்கிறார். பிழைக்க வந்தவன் முதலில் தேடுவது சோற்று வாசலைத்தானே! மொழி தெரியாதவனுக்கும் கொடி புரியும். கொல்கத்தாவுக்கு வந்து இறங்கிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அலிப்பூர் தேசிய நூலகத்தில் பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையின் நூல் தொகுப்பு இருக்கிறது. பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். பட்டினப்பாலையை முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள். நம்மில் பாதிப் பேர் வீட்டுச் சாப்பாட்டை மறைத்துத்தான் பழம்பெருமை பேச முடியும் என்றால், அது யாருடைய பெருமை?